விரலிடுக்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவமனையில் இருக்கும் பெரியவர்களைப் பார்க்கப் போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் விசாரிக்கிறோம். தோலைப் பற்றிக் கேட்பதில்லை. வேறு நோய்க்காகச் சேர்க்கப்பட்டவர்களிடம் சேற்றுப்புண், படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுகள் மிகச் சாதாரணம். நீரிழிவு, ஆன்டிபயாட்டிக், நாள் முழுக்க டயப்பர், இவையெல்லாம் பூஞ்சைக்கு வசதி. சிங்கப்பூர்ப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம்.

என் மாமியாருக்குக் கால் சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது. அரிப்புதானே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்தால் கால் சிவந்து வீங்கிவிடும். நீரிழிவுக்காரர்களுக்கு அது பெரிய ஆபத்து.

அப்புறம், ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் வரும் களிம்புகள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ படர்ந்துகொண்டே போகும். மருத்துவரிடம் காட்டாமல் பூச வேண்டாம்.

குளித்ததும் விரலிடுக்கு, தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு ஆகியவற்றை ஒற்றி உலர்த்துவதை, நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் குடும்பத்தாருக்கும் பணிப்பெண்ணுக்கும் தாதியர் செய்துகாட்ட வேண்டும். தமிழிலும் ஒரு தாள் அச்சிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

வாசகர், உட்லண்ட்ஸ்