சட்டம் தடுக்கிறதாம்!

ஆசிரியருக்கு, வணக்கம்.

இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய பெனின் அரசின் கலைப்பொருள்கள் 900-க்கும் மேல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பல, 1897-இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைக் கொளுத்திவிட்டு அள்ளி வந்தவை. திருப்பிக் கேட்டால், மியூசியப் பொருள்களைக் கொடுத்துவிட 1963-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியச் சட்டம் தடுக்கிறது என்கிறார்கள். சரி, அந்தச் சட்டத்தை இயற்றிய நாடாளுமன்றம் அதே லண்டனில்தானே இருக்கிறது? திருத்த வேண்டியதுதானே!

அந்தச் சட்டத்துக்குள் வராத, லண்டனிலேயே உள்ள ஹார்னிமன் மியூசியம் 2022-இல் 72 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்தது. நெதர்லாந்து 2025-இல் 119 பொருள்களைத் திருப்பியது.

காட்சிக்கூடம் காலியாகிவிடும் என்ற பயமும் வீண். முதலில் உரிமையை மாற்றட்டும். அப்புறம் வேண்டியதை நைஜீரியாவிடம் இரவல் கேட்கட்டும். ஜெர்மனி செய்தது அதுதான். பெர்லினில் பெனின் சிற்பங்கள் இப்போது இரவலாகத்தான் நிற்கின்றன.

- வாசகர், மதுரை