‘ஆவன செய்யுமா?’ என்று கேட்டால் ‘பரிசீலிக்கப்படும்’ என்றுதான் பதில் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரவையோ நாடாளுமன்றமோ கூடும் காலத்தில் குமரி மாவட்டப் பக்கங்களில் ஒரே அச்சில் வார்த்த செய்திகள் வருகின்றன. தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரம், தோவாளை சானல் என்ற பாசனக் கால்வாய், நான்குவழிச் சாலை, ரப்பர் விலை, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி உறுப்பினர் கேள்வி எழுப்பினார் என்று தலைப்பு இருக்கும். கடைசி வரியில் அமைச்சர் “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்றிருப்பார். அடுத்த ஆண்டும் அதே தலைப்பு, அதே கடைசி வரி. நம் உறுப்பினர்கள் வாய் திறப்பதில்லை என்று குறை சொல்ல முடியாது. கேள்வியை எழுதும் விதத்தில்தான் கோளாறு. அதற்கு மனு எழுதிக் கொடுக்கும் நமக்கும் பங்குண்டு.

தமிழ்நாடு சட்டப்பேரவையின் வினாப் பட்டியலில் பல வினாக்கள் “…அமைக்க அரசு ஆவன செய்யுமா?” என்று முடிகின்றன. இது கேள்வி வடிவத்தில் உள்ள மனு. இதற்கு அமைச்சர் கையில் மூன்று பதில்கள் எப்போதும் தயார்: பரிசீலனையில் உள்ளது; நிதிநிலைக்கேற்ப எடுத்துக்கொள்ளப்படும்; அத்தகைய கருத்துரு எதுவும் அரசிடம் இல்லை. மூன்றிலும் தேதி கிடையாது, தொகை கிடையாது, பொறுப்பான அதிகாரி கிடையாது. பிறகு எதை வைத்துத் துணைக் கேள்வி கேட்பது?

தோவாளை சானலையே எடுத்துக்கொள்வோம். அது சேர்ந்த கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் 1 அன்று தண்ணீர் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைக்கிறார்கள். ஆகவே தூர்வாருவதற்குக் கிடைப்பது மார்ச், ஏப்ரல், மே மாதங்கள் மட்டுமே. மே கடைசி வாரத்தில் பணி ஆணை கொடுத்தால், பத்து நாளில் தண்ணீர் வந்துவிடும். அள்ளியது எவ்வளவு, அள்ளாமல் விட்டது எவ்வளவு என்று அதன்பின் யாராலும் அளக்க முடியாது. பில் மட்டும் பாஸாகும். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டால் முதல் மழையில் பாதி திரும்ப சானலுக்குள் இறங்கிவிடும். இந்த இரண்டு இடங்களில்தான் கடைவரம்பு விவசாயிக்குத் தண்ணீர் தவறுகிறது.

எனவே கேள்வி இப்படி இருக்க வேண்டும்: (அ) சென்ற நிதியாண்டில் தோவாளை சானலில் எந்தக் கிலோமீட்டர் முதல் எந்தக் கிலோமீட்டர் வரை தூர்வார நிர்வாக ஒப்புதல் தரப்பட்டது, தொகை எவ்வளவு, (ஆ) பணி ஆணை எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, (இ) எம் புக்கில் (பணியை அளந்து எழுதும் பதிவேட்டில்) பதிவான மண்ணின் அளவு எத்தனை கன மீட்டர், கடைசி அளவெடுத்த தேதி எது, (ஈ) அள்ளிய மண் எங்கே கொட்டப்பட்டது, (உ) தண்ணீர் திறந்த நாளில் பாக்கியிருந்த நீளம் எவ்வளவு? இதற்கு “பரிசீலிக்கப்படும்” என்று பதில் எழுத முடியாது. நாகர்கோவிலில் இருக்கும் அலுவலகம் கோப்பைப் புரட்டியே தீர வேண்டும். புரட்டும்போதே சில வேலைகள் நடந்துவிடும் என்பது தலைமைச் செயலகம் அறிந்த ரகசியம்.

தேங்காய்ப்பட்டணத்துக்கும் இதே கணக்குத்தான். “முகத்துவாரத்தை ஆழப்படுத்த வேண்டும்” என்பது ஊரறிந்த சங்கதி. அங்கே படகு கவிழ்ந்து உயிர்கள் போனதும் ஊரறிந்ததே. கேட்க வேண்டியவை வேறு. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன்னும் பின்னும் ஆழம் அளந்த தேதிகள் எவை, ஒவ்வொரு முறையும் கிடைத்த ஆழம் எத்தனை மீட்டர், தூர்வாரும் இயந்திரம் உண்மையில் ஓடிய நாட்கள் எத்தனை, எடுத்த மணல் எங்கே போடப்பட்டது? கரையோர நீரோட்டம் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும் கடற்கரை இது. பக்கத்தில் போட்ட மணல் அடுத்த பருவத்தில் முகத்துவாரத்துக்கே திரும்பிவிடும். அலைத் தடுப்புச் சுவரை நீட்டுவது பற்றியும் கேட்கலாம். ஆனால் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்பதே நல்லது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சுவரைப் பற்றி ஒரு பத்தி பதில் வரும், மணல் கணக்கு மறைந்துவிடும்.

அடுத்த தவறு, கதவு மாறித் தட்டுவது. ரப்பர் விலையை வேளாண் அமைச்சரிடம் கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ரப்பர் வாரியம் ஒன்றிய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. இறக்குமதி பற்றிய கேள்வியும் அங்கேதான் போக வேண்டும். அரசு ரப்பர் கழகத் தொழிலாளர் கூலியோ மாநில வனத்துறை அமைச்சரிடம் கேட்க வேண்டியது. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரதமரின் பொறுப்பில் உள்ள அணுசக்தித் துறையைச் சேர்ந்தது. சுற்றுச்சூழல் அனுமதி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில். சுரங்கக் குத்தகை ஆணை மாநில அரசுடையது. கிள்ளியூர் வட்டாரத்து மணல் சுரங்கத் திட்டத்தைப் பற்றி ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் அடைத்தால், ஒவ்வொரு துறையும் மற்ற துறையைக் கை காட்டும். மூன்றாகப் பிரித்தால் மூன்று பதில் வரும். அவை ஒன்றுக்கொன்று பொருந்தாத இடம் எது என்பதும் அப்போது தெரியும்.

மீனவர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலப் பட்டியல். அதற்கு அப்பால் ஒன்றியப் பட்டியல். தூத்தூர் பகுதி ஆழ்கடல் விசைப்படகுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியேதான் வலை போடுகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எழுந்த கேள்விகளை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கை எத்தனை மணிக்கு யாருக்குப் போனது என்பது வானிலைத் துறையைக் கையில் வைத்திருக்கும் புவி அறிவியல் அமைச்சகத்துக்கான கேள்வி. கடலோரக் காவல்படையும் கடற்படையும் எப்போது புறப்பட்டன என்பது பாதுகாப்பு அமைச்சகத்துக்கு. பேரிடர் நிதி உள்துறைக்கு. மாநில அரசு கரையோர ஊர்களுக்கு எப்படி அறிவித்தது என்பது சென்னையில் கேட்க வேண்டியது. நான்கையும் சேர்த்து ஒரே முழக்கமாகக் கேட்டால் கிடைப்பது அனுதாபம் மட்டுமே.

மக்களவையின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு தேவை. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டுத் திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும்; வேறு அமைச்சகத்துக்கு எழுதினால் கேள்வி மாற்றி அனுப்பப்பட்டு நாளே தவறிப் போகலாம். 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. வாதம், குத்தல், அடைமொழி, ஊகம் இருந்தால் தள்ளுபடி. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயமும் அப்படியே. நம் மாவட்டத்து வழக்குகளோ உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வரிசை கட்டி நிற்கின்றன. அதனால் வழக்கின் சர்ச்சையைத் தொடாமல், செலவான தொகை, ஆணையின் தேதி என்று விவரத்தை மட்டும் கேட்பதே தள்ளுபடியிலிருந்து தப்பிக்கும் வழி. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ளதைக் கேட்டாலும் ஏற்க மாட்டார்கள். மானியக் கோரிக்கையோடு துறைகள் தரும் கொள்கை விளக்கக் குறிப்பை முதலில் படித்துவிடலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி விவரம் பெறலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு “ஏன்” என்று கேட்பதற்கு அவையைப் பயன்படுத்துவதே கெட்டிக்காரத்தனம்.

மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். முன்னதற்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வி உண்டு. பின்னதற்கு எழுத்தில் மட்டும். ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாள் பட்டியலில் அதிகபட்சம் ஐந்து, அதில் நட்சத்திரம் ஒன்றே. யாருடையது முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். நட்சத்திரம் கிடைத்தால் ஊரில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். ஆனால் இருபதில் நான்கைந்துதான் வாய்மொழிக்கு எட்டும். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் இல்லை, எழுத்துப் பதிலோடு கதை முடிந்தது. மாவட்டக் கணக்கு வழக்குகளுக்கு நட்சத்திரமில்லாக் கேள்வியே நல்ல ஆயுதம். அவை நடந்தாலும் முடங்கினாலும் அட்டவணையோடு பதில் மேஜைக்கு வரும், நாடாளுமன்ற இணையதளத்திலும் ஏறும். அமைச்சரை நேருக்கு நேர் மடக்க வேண்டிய விஷயத்துக்கு மட்டும் நட்சத்திரத்தை ஒதுக்கலாம்.

நட்சத்திரம் கிடைத்தவர் கேள்வி நேரத்துக்கு முன்பே கைக்கு வரும் எழுத்துப் பதிலை வரிக்கு வரி படிக்க வேண்டும். துணைக் கேள்வி அந்தப் பதிலிலிருந்து எழ வேண்டும். ஒரே மூச்சில் மூன்று கேட்டால் அமைச்சர் எளிதானதைப் பிடித்துக்கொள்வார். வரக்கூடிய துணைக் கேள்விகளுக்கெல்லாம் அதிகாரிகள் குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்திருப்பார்கள். அந்தக் குறிப்பில் இல்லாத ஒரு எண்ணைக் கேட்பதுதான் திறமை. சென்னைப் பேரவையில் இன்னொரு சிக்கல் உண்டு: தலைவர்களுக்கு நன்றியும் போற்றியும் முடிந்து கேள்வி வருவதற்குள் நேரம் கரைந்துவிடுகிறது. 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அது போற்றிப் பாடலை நீட்டியதா குறைத்ததா என்று பார்த்தவர்கள் சொல்லட்டும். பேரவையின் 110-ஆம் விதியின் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ படிக்கும் அறிவிப்புகள் வேறு வகை. அந்த நேரத்தில் அவற்றின் மீது விவாதம் கிடையாது. அப்படி அறிவிக்கப்பட்ட திட்டம் நம் மாவட்டத்துக்கு இருந்தால், அரசாணை எண், தேதி, விடுவித்த தொகை மூன்றையும் பின்னொரு நாள் கேள்வியாகப் போட்டு வாங்க வேண்டும்.

ஆளுங்கட்சிக்காரர் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் பணம் போட்டதை 1957-ல் அவையில் தோண்டியெடுத்தவர் ஆளுங்கட்சியின் பெரோஸ் காந்திதான். அதை விசாரிக்க சாக்ளா ஆணையம் வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆனால் அமைச்சராகிவிட்டவர் கேள்வி கேட்க முடியாது. 2014 முதல் 2019 வரை நம் மக்களவை உறுப்பினர் பொன்.ராதாகிருஷ்ணன் ஒன்றிய இணையமைச்சர். அதனால் ஒக்கி சமயத்தில் கன்னியாகுமரித் தொகுதியின் பெயரில் மக்களவையில் கேள்வி கொடுக்க ஆள் இல்லை. 2021-ல் பத்மநாபபுரம் உறுப்பினர் மனோ தங்கராஜ் அமைச்சரானபோது பேரவையிலும் அதே நிலை. இது அவர்கள் குற்றமல்ல, முறை அப்படி. அத்தகைய காலங்களில் மனுவைத் தொகுதி உறுப்பினரிடம் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தமிழகத்தின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் யாரும் குமரியைப் பற்றிக் கேட்கலாம். பேரவையில் நமக்கு ஆறு தொகுதிகள். ஒரே கேள்வியை ஆறு பேரும் கொடுத்து நேரத்தை வீணாக்காமல், ஒரே பிரச்சினையின் ஆறு துண்டுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தால் கட்சி வேறுபாடு அதற்குத் தடையாகாது.

பதில் வந்த பிறகு நடக்க வேண்டியதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. பதிலில் தவறான எண் இருந்தால் மக்களவையில் சபாநாயகரின் நெறிமுறை 115-ன் கீழ் எழுதிச் சுட்டிக்காட்டலாம். பதில் போதவில்லை என்றால் மூன்று நாள் முன்னறிவிப்போடு அரை மணி நேர விவாதம் கேட்கலாம். “பரிசீலனையில் உள்ளது”, “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது” போன்ற சொற்கள் மக்களவையில் உறுதிமொழியாகவே கணக்கில் எடுக்கப்படும். அவற்றை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அரசு உறுதிமொழிக் குழு விளக்கம் கேட்கும். நம் பேரவைக்கும் அத்தகைய குழு உண்டு. மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு நடத்துகிறது. அது நாகர்கோவிலுக்கு வரும்போது சால்வையோடு புதிய மனுவை நீட்டுவதை விட, எந்தத் தேதியில் எந்த அமைச்சர் என்ன சொன்னார் என்ற அவைக் குறிப்பின் நகலை நீட்டுவது பலன் தரும்.

இதில் உங்கள் நாளிதழும் உதவ முடியும். “கேள்வி எழுப்பினார்” என்று எழுதும்போது கேள்வி எண், நாள், நட்சத்திரமா இல்லையா, துறை, பதிலின் சுருக்கம் ஆகிய ஐந்தையும் சேர்த்து அச்சிடுங்கள். கேள்வி நேரத்தில் கேட்டதா, அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசியதா, அமைச்சரைச் சந்தித்து மனு கொடுத்ததா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். மூன்றுக்கும் இப்போது ஒரே தலைப்புதான் கிடைக்கிறது. பதில் இன்னும் வராத கேள்விகளுக்கு ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் மீண்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்