பென்ஷனில் கைவைக்கும் உரிமை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓய்வூதியம் வழங்கும் பணியைத் தனியாரோடு சேர்ந்து டிஜிட்டல் மயமாக்க வேண்டும் என்ற கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். அதைச் செய்துபார்த்த நாட்டிலிருந்து எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, அவர்களுடைய வருமானத்தைப் பார்த்து, அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளில் அடுப்பெரிவது அந்தப் பணத்தில்தான். 2012-இல் அதை நாடு முழுவதும் பட்டுவாடா செய்யும் வேலை ஒரே தனியார் நிறுவனத்திடம் போனது. கைரேகை பதிந்து கார்டு கொடுத்தார்கள். கடையிலேயே பணம் எடுக்க முடிந்தது. கால்கடுக்க வரிசையில் நின்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி, அதை மறுக்கவே மாட்டேன்.

அப்புறம்தான் பிடித்தங்கள் ஆரம்பித்தன. எங்கள் தெருப் பாட்டி ஒருவர் ரசீதைக் கொண்டுவந்து நீட்டினார். போன் ரீசார்ஜ் என்று போட்டுப் பணத்தைக் கழித்திருந்தார்கள். அவரிடம் செல்போனே கிடையாது! எடுத்தது எந்தக் கம்பெனி, யாரிடம் போய்க் கேட்பது என்று கடைசிவரை தெரியவில்லை. இப்படி ரீசார்ஜ், மின்சாரம், கடன் தவணை என்று பணம் இழந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். 'பிளாக் சாஷ்' என்ற அமைப்பு இவர்களுக்காக விடாமல் போராடியது.

அந்த நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்த டெண்டர் செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் 2017 மார்ச்சில் அதே நிறுவனத்துக்கு இன்னும் ஓராண்டு நீட்டிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. அரசிடம் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. பணம் நின்றால் லட்சக்கணக்கான குடும்பங்கள் பட்டினி. பயனாளிகளின் விவரங்களைப் பணம் வழங்குவதற்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் அப்போது நிபந்தனை போட்டது. முதல் ஒப்பந்தத்திலேயே அழுத்தமாக இருந்திருக்க வேண்டிய வரி அது.

2018-இல் வேலை அஞ்சல் துறைக்கு வந்தது. சரி, அரசிடம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2023 செப்டம்பரில் அரசின் அஞ்சல் வங்கியான போஸ்ட்பாங்கில் ஏற்பட்ட கணினிக் கோளாறால் ஏராளமானோருக்குப் பணம் வராமல் போனது. முதியவர்கள் ஏடிஎம் வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஆகவே தனியாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தகவல்கள் அரசின் கையில் இருக்கட்டும். பென்ஷன்காரர் கையெழுத்தில்லாமல் ஒரு காசுகூடப் பிடிக்க முடியாதபடி கட்டுப்பாடு வேண்டும். கார்டு வேலை செய்யாத நாளில் போய்க் கேட்க, அவர்கள் மொழி பேசும் ஓர் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தமிழகத்தில் இப்படி ஓர் ஒப்பந்தம் வருமானால், கையெழுத்தாகும் முன்பே அதன் முழு வாசகத்தையும் கேட்டு வாங்கி உங்கள் நாளிதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்