வலியும் மனச்சோர்வும் ஒரே உடலில்: உலக சுகாதார நிறுவனத்தின் போதைப்பொருள் சார்புநிலை வல்லுநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக இடுப்பு வலியோடும், அதன் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட மனச்சோர்வோடும் வாழ்பவள் என்ற முறையில், சில காளான்களில் உள்ள, மனநிலையையும் புலனுணர்வையும் மாற்றும் சைலோசிபின் என்ற வேதிப்பொருளைத் தாங்கள் மறுமதிப்பீடு செய்யக் கோரி இதை எழுதுகிறேன். வலி மருத்துவர் பூஜ்ஜியம் முதல் பத்துக்குள் ஓர் எண் கேட்கிறார். மனநல மருத்துவர் தூக்கத்தையும் பசியையும் விசாரித்துக் குறித்துக்கொள்கிறார். பின்னிரவு மூன்று மணிக்கு முழங்காலுக்கு அடியில் தலையணையைச் செருகிக்கொண்டு விடியலுக்காகக் காத்துக் கிடக்கையில், இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுடைய 233 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், உளவியல் துணையோடு ஒரே ஒரு முறை 25 மி.கி. சைலோசிபின் பெற்றவர்களின் மனச்சோர்வு மதிப்பெண், அறுபதுக்கான அளவுகோலில், மூன்றே வாரத்தில் சராசரியாக 12 குறைந்தது, ஒப்பீட்டுக்காக 1 மி.கி. பெற்றவர்களுக்கு 5.4 மட்டுமே குறைந்தது. தலைவலியும் குமட்டலும், சிலருக்குத் தற்கொலை எண்ணமும் அதே ஆய்வில் பதிவாயின. இதை மறைத்துவிட்டு நம்பிக்கை ஊட்டுவோரை நான் நம்புவதில்லை. தனக்குக் கிடைத்தது எந்த அளவு என்பதை நோயாளி எளிதில் ஊகித்துவிடுவதால், எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதும் கடினமே.

வலியைப் பொறுத்தவரை சான்று இன்னும் மெலிந்தது. கடும் நோயுற்ற ஐம்பது பேரிடம் சைலோசிபினைப் போலவே புலனுணர்வை மாற்றும் எல்.எஸ்.டி.யை, ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணிகளோடு ஒப்பிட்டு, எல்.எஸ்.டி. தந்த நிவாரணமே மேலானது என்று மருத்துவர் எரிக் காஸ்ட் எழுதியது 1964-இல். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தப் பாதையில் ஏறத்தாழ எவரும் நடக்கவில்லை. 2023 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசிபின் பரிந்துரைக்க வழிவிட்ட ஆஸ்திரேலியாவும், மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு மட்டுமே அதை அனுமதித்தது. நாள்பட்ட வலி அதில் இல்லை.

மனநிலையை மாற்றும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1971-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய முதல் பட்டியலில் சைலோசிபினை வைத்திருக்கிறது. ஆய்வுக்கு அதில் இடம் உண்டுதான். ஆயினும் தனி உரிமமும் கெடுபிடியான கண்காணிப்பும் சிறிய வலி மருத்துவப் பிரிவுகளுக்கு எட்டாதவையாக இருக்கின்றன. கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளான டெல்டா-9-டி.எச்.சி. 1991-இல் முதல் பட்டியலிலிருந்து, கட்டுப்பாடு சற்றுக் குறைந்த இரண்டாம் பட்டியலுக்கு மாற்றப்பட்ட முன்னுதாரணம் நம் முன் இருக்கிறது. கடையில் விற்க அனுமதி கேட்டு நான் எழுதவில்லை. மனப்பிளவு நோய் வரலாறு உள்ளவர்களை விலக்கி, பயிற்சி பெற்றவரின் துணையோடு மட்டுமே இது தரப்பட வேண்டும் என்பதே என் நிலைப்பாடும்.

ஆகவே, சைலோசிபினைத் தங்கள் குழு முழுமையான மறுமதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், அந்த மதிப்பீட்டில் மனச்சோர்வு மதிப்பெண்ணோடு வலியின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாள்பட்ட வலியோடு வாழும் ஒருத்தி