நம் பழைய கார் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் பெரம்பூர் ஷெட்டில் நடந்தது. பொங்கல் முடிந்து ஒன்பது வண்டிகளில் பழவேற்காடு போய்வந்தோம்.

மற்றபடி ஆண்டு முழுவதும் சங்கத்தின் 1989 மாடல் மாருதி 800 எஞ்சின் வேலைக்கே போனது. ஏன் இத்தனை நாள் என்று கேட்டவர்களுக்கு விவரமாகவே சொல்கிறேன்.

796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. இதற்கு ரேஸ் கேம்ஷாப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) போட வேண்டும் என்று பலருக்கும் ஆசை. இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. அந்தச் சத்தம் காதிலேயே நிற்பது நியாயம்தான். ஆனால் அந்த மாதிரி கேமில், பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை மேலேறும் பிஸ்டனே வெளியே தள்ளிவிடும். ஐடிலிங்கில் எஞ்சின் நிலையாக ஓடாது, இழுவையும் இருக்காது. நம் வண்டி ஓட வேண்டியதோ மூலக்கடையிலும் மணலி சாலையிலும், கண்டெய்னர் லாரிக்குப் பின்னால். அதனால்தான் மிதமான கேமே போதும் என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

பின்னாளில் வந்த 12 வால்வு ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடி) தேடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அதோடு இன்ஜெக்‌ஷன், வயரிங் எல்லாம் மாறும். அப்புறம் இது நம் பழைய வண்டியாக இருக்காது.

ஹெட் பேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது) செய்யக் கொடுத்த பட்டறையில் சொன்ன அளவுக்கு மேல் சீவிவிட்டார்கள். ஹெட் தாழ்ந்தால் கம்ப்ரஷன் ஏறும், வால்வு பிஸ்டனை நெருங்கும், வால்வு திறந்து மூடும் நேரமான கேம் டைமிங்கும் பின்தங்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளக்க, பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, புதுக் கேமுடன் ஹெட்டை இறுக்கி, பெல்ட் மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றினேன். கழற்றினால் மண்ணில் வால்வின் விளிம்பு பிறை மாதிரி பதிந்திருந்தது. பிளேடால் அறுத்து வெர்னியரில் அளந்தேன்: 1 மி.மீ.கூட இல்லை. அப்படியே ஓட்டியிருந்தால், வேகமெடுத்த அன்றே வால்வு பிஸ்டனில் இடித்திருக்கும்.

புதுப்பேட்டையில் வேறு ஹெட் வாங்கி, போர்ட்டைச் சீராக்கி, வால்வு லேப்பிங் (வால்வு கசியாமல் அமரும்படி தேய்ப்பது) செய்து, மறுபடி களிமண் வைத்தோம். 2 மி.மீ.க்கு மேல் வந்தது. ஐந்து மாதம் போனது இதற்குத்தான். களிமண் வைத்துப் பார்த்த இரண்டு ஞாயிறும் ஷெட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர். வாட்ஸ்அப்பில் கேம் பற்றி எழுதியவர்கள் இருபது பேருக்கு மேல். இது எனக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக நிற்கின்றன. சந்தா பாதிப் பேருக்கு மேல் பாக்கி. இரண்டாவது ஹெட்டுக்கு நான் கைப்பணம் போட்டது இன்னும் வரவில்லை.

ஷெட்டுக்கு இடம் தந்த குடும்பத்தாருக்கும், தணிக்கையாளருக்கும், செயற்குழுவுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு டாப்பெட் செட்டிங் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது), கார்புரேட்டர் ஜெட், ரன்னிங்-இன் (எஞ்சினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது) வேலை பாக்கி. கேம் டைமிங்கைத் திருத்த அட்ஜஸ்டபிள் கேம் புல்லி ஒன்றும் வாங்க வேண்டும், அதற்குப் பணம் இல்லை. இந்தப் பொறுப்பை ஏற்க வேறு யாராவது முன்வந்தால் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு ஷெட்டைத் திறப்பேன்; ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்