டிரைவ்-இன் சாம்பார் கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஏழு நிமிஷத்தில் ஆறு நிமிஷம், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிட்ட அந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் சாம்பார்தான். அதனால் ஊர்ச் சேதியை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

மந்தைவெளிக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக ஆகிவிட்டது. வாக்கர் இல்லாமல் நடக்கிறார், மாடிப்படி மட்டும் இன்னும் ஆகாது. ரயிலில் அவருக்குக் கீழ் பெர்த் போட்டாயிற்று. பாங்க் அக்கா மகள் கல்யாணம் தைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. மண்டபம் கிடைக்கவில்லை, வேறு ஒன்றும் இல்லை, நீங்களாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ரெப் தம்பி கம்பெனியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏஜென்சி எடுத்திருக்கிறான். மயிலாப்பூர் லஸ் முனை இன்னும் மெட்ரோ வேலைத் தகர வேலிக்குள்தான் கிடக்கிறது. கதீட்ரல் ரோட்டில் செம்மொழிப் பூங்காவுக்கு எதிரிலேயே 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்துவிட்டது, ஜிப்லைன் எல்லாம் இருக்கிறது. சாம்பார் இட்லிக்காக வண்டியைத் திருப்பிய இடத்தில் இப்போது இரண்டு பக்கமும் டிக்கெட் கவுண்டர்.

சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பி சனிக்கிழமை காலை பதினோரு பேர் கோயம்புத்தூரில் வந்து இறங்குகிறோம். உங்களோடு பன்னிரண்டு. கீழே உள்ள அளவெல்லாம் பன்னிரண்டு பேருக்குத்தான்.

நீங்கள் கேட்டது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் சாம்பார். 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய உடுப்பிக்காரர் கிருஷ்ணா ராவ், 1962இல் கதீட்ரல் ரோட்டுத் தோட்டத்தில் போட்ட கடை அது. 2008இல் மூடினார்கள், 2010இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. மரங்கள் பல அப்படியே நிற்கின்றன, சாம்பார்தான் இல்லை. “அந்த மசாலா ரகசியத்தை யாரிடமாவது கேட்டு வாங்கு” என்கிறீர்கள். ரகசிய மசாலா என்று ஒன்று கிடையாது, அக்கா. உடுப்பி ஓட்டல் சாம்பார்ப் பொடியில் உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இல்லாத சாமான் எதுவும் இல்லை. அங்கே சாம்பார் அண்டாவில் மணிக்கணக்காகச் சூடு குறையாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டில் நாம் கொதித்த அஞ்சாவது நிமிஷம் பரிமாறுகிறோம். வித்தியாசத்தில் பாதி அங்கேயே இருக்கிறது. மீதிப் பாதி பருப்பில்.

வீட்டுச் சாப்பாட்டுச் சாம்பாருக்கு வெறும் துவரம்பருப்பு போதும், டிபன் சாம்பாருக்குப் போதாது. துவரை 200 கிராம், பாசிப்பருப்பு 75 கிராம், பரங்கிக்காய் 200 கிராம், மூன்றையும் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவையுங்கள். அரை ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான், உப்பு அப்புறம். வெந்ததும் மத்தால் நன்றாகக் கடையுங்கள். கரண்டியால் மசித்தால் பருப்பு அடியில் தங்கி மேலே தண்ணி நிற்கும். இட்லி மேலே ஊற்றினால் மஞ்சள் தண்ணி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். “ஓட்டல் மாதிரி வரவில்லை” என்கிற புகாரில் பெரும்பாலும் நடப்பது இதுதான். துவரை உடம்பு கொடுக்கும், பாசிப்பருப்பு வழவழப்புக் கொடுக்கும், பரங்கிக்காய் இரண்டையும் ஒட்டவைத்து இனிப்பும் தரும். பரங்கிக்காயைத் துண்டாகப் போட்டால் அது வேறு சாம்பார். இதில் அது கண்ணுக்குத் தெரியக் கூடாது.

வறுக்க: தனியா 4 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, வெந்தயம் முக்கால் டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், நீட்டு மிளகாய் 6, பியாட்கி மிளகாய் 6, பட்டை சுண்டுவிரல் நீளத்தில் பாதி, கறிவேப்பிலை ஒரு ஈர்க்கு, கட்டிப் பெருங்காயம் கடலைப்பருப்பு அளவு இரண்டு துண்டு. பியாட்கி நிறத்துக்கு, நீட்டு காரத்துக்கு. உங்கள் ஊர் மார்க்கெட்டில் பியாட்கி கிடைக்காவிட்டால் காஷ்மீரி போடுங்கள், நீட்டையே பன்னிரண்டாக்க வேண்டாம். பட்டை வேண்டாம் என்று உங்கள் மாமியார் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள், கன்னட தேசத்துச் சாம்பார் வாசனை அதில்தான் இருக்கிறது.

இரண்டு டீஸ்பூன் தேங்காயெண்ணெயில் முதலில் பெருங்காயத்தைப் பொரித்து எடுத்துவிட்டு, கடலைப்பருப்பும் வெந்தயமும் போடுங்கள். வெந்தயம் செம்பழுப்பு ஆனதும் தனியா, மிளகாய், பட்டை. சீரகமும் கறிவேப்பிலையும் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு. வெந்தயம் கருத்தால் அந்தக் கசப்பை வெல்லம் மறைக்காது, கொட்டிவிட்டு மறுபடி வறுப்பதுதான் வழி. அதே வாணலியில் அரை மூடித் தேங்காய்த் துருவலை ஈரம் போய் லேசாகச் சிவக்கும் வரை வறுங்கள். பச்சைத் தேங்காய் அரைத்தால் சாம்பார் சீக்கிரம் கெட்டுப் போகும் ரகம் ஆகிவிடும். உதிரி சாமான்களைப் பொரித்த பெருங்காயத்தோடு பொடித்த பிறகு தேங்காய் சேர்த்துத் தண்ணி விட்டு மைய அரையுங்கள். நறநறப்பு இருந்தால் அது வத்தக்குழம்புக்குப் போகிற விழுது.

சின்ன வெங்காயம் கால் கிலோவை முழுசாக, இரண்டு ஸ்பூன் நெய்யில், ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். நாலு தக்காளி. முப்பது கிராம் புளி கரைத்த தண்ணி ஒரு லிட்டர். உப்பு 5 டீஸ்பூன் வரை பிடிக்கும், முதலில் நாலு போட்டு ருசி பார்த்துக்கொள்ளுங்கள். புளியின் பச்சை வாசனை போகப் பத்து நிமிஷம் கொதிக்க வேண்டும், அதற்கு முன்னால் பருப்பைக் கொட்டக் கூடாது. பருப்பு விழுந்தபின் புளியின் பச்சை நெடி எளிதில் போகாது. அப்புறம் பருப்பு, மசாலா விழுது, நெல்லிக்காய் அளவு வெல்லம், மொத்தம் 3 லிட்டர் வரும்படி வெந்நீர். விழுது போட்டபின் ஏழு நிமிஷத்துக்கு மேல் தளதளவென்று கொதித்தால் வாசனை முழுக்க உங்கள் சமையலறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கடுகு, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை கடைசியில்.

இப்போது அந்த அண்டா சமாசாரம். அடி கனத்த பாத்திரத்தில் சாம்பாரை மூடி, அதைவிடப் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் இறக்குங்கள், கீழே மிகச் சின்னத் தீ. குறைந்தது ஒரு மணி நேரம். கொதிக்கக் கூடாது, விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் போதும். இந்த நேரத்தில்தான் புளியும் காரமும் தனித்தனியாக நிற்பதை விட்டு ஒன்றாகிறது. இடையில் கெட்டியாகும், அப்போது பச்சைத் தண்ணி விடாதீர்கள், வெந்நீர் மட்டும். ஏழு மணிக்குப் பரிமாற வேண்டுமென்றால் ஆறுக்குள் சாம்பார் அடுப்பிலிருந்து வெந்நீருக்கு மாறியிருக்க வேண்டும்.

இட்லி உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, வெட் கிரைண்டரே கோயம்புத்தூர்க்காரர்கள் செய்ததுதான். ஒன்று மட்டும்: சாம்பார் இட்லிக்கு இட்லி சூடாக இருக்க வேண்டும். ஆறின இட்லியின் மேல்தோல் காய்ந்துவிடும், சாம்பார் மேலேயே வழிந்து ஓடும். வடையை முதலில் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு உள்ளங்கையில் மெதுவாக அழுத்திப் பிழிந்து, அப்புறம் சாம்பாரில் இறக்குங்கள். எண்ணெய் வெளியே, சாம்பார் உள்ளே.

சன்னா பட்டூரா வேண்டுமென்று ரெப் தம்பி கெஞ்சுகிறான். டிரைவ்-இன்னில் அந்தப் பட்டூரா தட்டை மீறி நிற்கும். அதற்குப் பன்னிரண்டு அங்குல வாணலியும் இரண்டு லிட்டர் எண்ணெயும் வேண்டும், நம்மால் ஆகாது. ஆளுக்கு ஒன்றரையாகச் சின்னதாகவே போடலாம். மைதா 700 கிராம், பொடி ரவை 70, கெட்டித் தயிர் 200, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு 2 டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, தண்ணி 200 மில்லியில் தொடங்கித் தேவைக்கு. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூன்று மணி நேரம் வையுங்கள். இருபது உருண்டை வரும்.

பட்டூரா உப்புவது சோடாவால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சோடா மெத்தென்று ஆக்கும், உப்ப வைப்பது உள்ளே அடைபடும் நீராவி. ஆகவே மாவு வறண்டிருந்தாலும், எண்ணெய் காயாவிட்டாலும், தேய்க்கும்போது ஓட்டை விழுந்தாலும் அது அப்பளமாகத்தான் வரும். தேய்த்தால் ரப்பர் மாதிரிப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறதா, இன்னும் அரை மணி ஊறட்டும். மைதா தூவித் தேய்க்காதீர்கள், தூவிய மாவு எண்ணெயில் கருகி அடுத்த பட்டூராவில் புள்ளி புள்ளியாக ஒட்டும். பலகையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மூன்று மில்லிமீட்டர் தடிமன், நடுவும் ஓரமும் ஒரே மாதிரி. கிள்ளிப் போட்ட மாவு இரண்டு விநாடியில் மேலே வந்தால் எண்ணெய் தயார். போட்டதும் ஜல்லிக்கரண்டியால் மேலே மெல்ல அழுத்தினால் பொம்மென்று எழும்.

சன்னாவுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை அரை கிலோ, பத்து மணி நேரம் ஊறல். குக்கரில் ஒரு ஸ்பூன் டீத்தூளை மல் துணியில் முடிந்து போட்டால் அந்தக் கருமை வரும். வெந்ததில் ஒரு கரண்டி எடுத்து மசித்துக் குழம்பிலேயே சேருங்கள், முந்திரி விழுதெல்லாம் பிற்காலத்து ஆடம்பரம்.

காபி. சிறுவாணித் தண்ணி உங்களிடம் இருக்கிறது, சென்னைக்காரர்கள் நாங்கள் அதற்காகவே ரயில் ஏறுகிறோம். 120 மில்லி டம்ளருக்கு 10 கிராம் தூள், பன்னிரண்டுக்கு 120 கிராம். சிக்கரி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தூள் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணியைக் குடித்துவிடும். 650 மில்லி ஊற்றினால் 400 சொச்சம்தான் டிகாஷன் இறங்கும். கணக்குப் புரியாமல் இரண்டாம் தடவை ஊற்றி நீட்டுகிறவர்கள்தான் காபியைக் கெடுக்கிறார்கள். ஒரே பெரிய ஃபில்டரில் அடைக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். அழுத்தி அமுக்கினால் இறங்காது, சும்மா பரப்பிவிட்டால் ஐந்தே நிமிஷத்தில் வெளிறி ஓடிவிடும். தண்ணி கொதித்து அடங்கிய சூட்டில் ஊற்றுங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் ஒன்றேகால் லிட்டர், தண்ணி கலக்காமல், ஒரே ஒரு தடவை காய்ச்சி. டிகாஷனை நேரே அடுப்பில் வைத்தால் கசக்கும், ஆறிவிட்டால் வெந்நீரில் பாத்திரத்தை இறக்கிச் சூடேற்றினால் போதும்.

ரவா தோசையை விட்டுவிடலாம். பன்னிரண்டு பேருக்கு ஒரே கல்லில் ரவா தோசை ஊற்றினால் கடைசி ஆளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அது தோசை மாஸ்டர் எட்டு தோசைக்கு இடம் உள்ள கல்லில் செய்கிற வேலை.

டிரைவ்-இன் தட்டை நினைவிருக்கிறதா? கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டால் சப்ளையர் வந்து கதவு விளிம்பில் கொக்கியை மாட்டித் தட்டைத் தொங்கவிடுவார். ஓட்டுகிறவர் மறந்துபோய்க் கதவைத் திறந்தால் சாம்பார் முழுக்கப் பேண்ட்டில். அப்படி ஒரு தட்டு செய்து கொண்டுவருகிறேன் என்று ரெப் தம்பி பட்டறைக்கு அலைகிறான். இந்தக் காலத்துக் கார்க் கதவு விளிம்பு வளைவானது, ரப்பர் பட்டை வேறு, கொக்கி வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உங்கள் வண்டியில் சோதிக்க விடாதீர்கள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை தாசப்பிரகாஷ் ஐஸ்கிரீமைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கட்டடமும் இல்லை, ஐஸ்கிரீமை வீட்டில் செய்ய என்னிடம் உருப்படியான வழியும் இல்லை. இருக்கிறவற்றைச் சொல்கிறேன்: திருவல்லிக்கேணி ரத்னா கேஃபில் இன்னும் இட்லியைச் சாம்பாரில் முக்கித்தான் தருகிறார்கள், ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸும் இருக்கிறது. அடுத்த முறை நீங்கள் சென்னை வரும்போது இரண்டுக்கும் போகலாம், முழங்கால்காரருக்கும் இரண்டும் ஒத்துவரும்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, இட்லி மாவைக் கரைத்து வைத்துவிடுங்கள். மசாலாவையும் அன்றே வறுத்து டப்பாவில் போடலாம், தேங்காயை மட்டும் காலையில். டபரா செட் எட்டுதான் இருக்கிறது என்றீர்கள், மீதி நாலை நாங்கள் எடுத்து வருகிறோம். ஃபில்டர் ஒன்றும் கூடவே. பெரிய பாத்திரத்துக்குள் சாம்பார்ப் பாத்திரம் மூடியோடு இறங்குகிறதா என்று மட்டும் இன்றைக்கே ஒரு தடவை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மயிலாப்பூர்த் தம்பி