கண்ணாடிக்கு விலை போடுவது யார்?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் இன்னும் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன்; முட்டிவலியும் கூடவே வருகிறது.

பஸ்ஸை உடைக்கிறவனுக்கு ஜாமீனே தரக்கூடாது என்று எழுதியிருந்தாய். டெப்போவில் உத்தியோகம் பார்த்தவன், உனக்கு அந்தக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்? சட்ட ஆணையமும் 2024 பிப்ரவரியில் தன் 284ஆவது அறிக்கையில் ஏறக்குறைய உன் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. 1984ஆம் ஆண்டு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, சேதத்தின் மதிப்புக்கு ஈடான பணத்தைக் கட்டினால்தான் ஜாமீன் என்று வைக்கச் சொல்கிறது.

எனக்கு இது சரியாகப் படவில்லை. மறியலில் ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடி உடைகிறது என்று வை. கல்லெறிந்தவன் ஓடிவிடுவான். வேடிக்கை பார்த்த கொத்தனார் பையன் மாட்டிக்கொள்வான். எஃப்ஐஆரில் நாலு பேர் பெயர், அப்புறம் "மற்றும் பலர்". சம்பவ இடத்தில் பார்த்ததைப் பதியும் மகஜரை எழுதுவது போலீஸ், சேத மதிப்பைச் சொல்வது புகார் கொடுத்த அதே துறை. விசாரணையே தொடங்காத நிலையில் அந்தத் தொகையை யார் தலையில் கட்டுவது? வசதியுள்ளவன் அன்றைக்கே கட்டிவிட்டு வெளியே வருவான். அந்தப் பையன் உள்ளேதான் கிடப்பான். விடுதலையானால் பணம் திரும்பும், சரி. எத்தனை வருஷம் கழித்து? கட்டுவதற்கு வாங்கிய வட்டிக்கடனை யார் திருப்புவது?

குற்றம் நிரூபணமான பிறகு முழு நஷ்டத்தையும் வசூலிக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை.

எல்லா மாற்றத்தையும் குறை சொல்ல மாட்டேன். பழைய தண்டனைச் சட்டம் 427ஆவது பிரிவில் 50 ரூபாய் நஷ்டத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை. 1860ல் போட்ட கணக்கு! அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள நியாய சன்ஹிதாவில் அந்த வரம்பு 20,000 ரூபாய்; ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து வருஷம் வரை. ஆக, மதிப்பீட்டில் கொஞ்சம் கூட்டி எழுதினாலே தண்டனையும் ஏறிவிடும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்: பத்து வருஷம் ஓடிய பஸ்ஸின் கண்ணாடிக்குத் தேய்மானம் கழித்து எழுதுவீர்களா, புதுக் கண்ணாடி விலையைத்தான் போடுவீர்களா? அடுத்த வாரம் ஒரு ஜாமீன் மனு இருக்கிறது. அதற்குள் எழுதிப் போடு, போனாவது பண்ணு.

அன்புடன்,
ராமு